அப்பா சைக்கிளுக்கு ஒரு பேட்டரி

நான் பி.இ. எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள் என்பதை நானாக யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. கேட்டால், ‘ஏதோ ஒரு டிகிரி’ என்று பேச்சை மாற்றிவிடுவேன். தன்னடக்கமெல்லாம் இல்லை, வெட்கம்தான். எத்தனையோ ஊர்களுக்கு மின்சாரம் அனுப்புகிற நெய்வேலியில் பிறந்து, நாலு வருடம் கல்லூரியிலும் அதையே படித்துவிட்டு, ஒரே ஒரு சைக்கிளுக்கு விளக்குப் போடப் போய் நான் அடித்த கூத்து அப்படி.

அப்பாவுக்கு மைன்ஸில் வேலை. எந்த ஷிப்டாக இருந்தாலும் சைக்கிளில்தான் போவார். வீட்டில் ஒரு ஸ்கூட்டரும் இருந்தது. அது அப்போது என்னைப் போலவே வேலை ஏதுமில்லாமல் வாசலில் நின்றுகொண்டிருந்தது. அப்பா அதிகம் பேசமாட்டார். சைக்கிள் பெல்லைக்கூட அடிக்கமாட்டார். முன்னால் யாராவது நடந்துபோனால், அவர்களாகத் திரும்பிப் பார்த்து வழிவிடும்வரை பின்னாலேயே மெதுவாக மிதித்துக்கொண்டு போவார்.

ஒருநாள் விடிவதற்கு முன் முதல் ஷிப்டுக்குப் போனவர், ரோட்டில் படுத்திருந்த எருமையின் மேல் நேராக ஏற்றிவிட்டார். எருமைக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்பாவுக்கு முட்டி பெயர்ந்துவிட்டது.

“லைட்டு ஒண்ணு வாங்கி மாட்டுங்கன்னு எத்தினி வாட்டி சொல்லிக்கினு இருக்கேன்!” என்று அம்மா மஞ்சளை அரைத்துப் பூசினாள்.

“எதுக்கு வாங்கணும்? நானே செஞ்சு தரேன்” என்றேன். ஒரு வருடமாக வேலை தேடிக்கொண்டிருந்த எனக்கு, படிப்பு வீண்போகவில்லை என்று காட்ட வேறு வழி தெரியவில்லை.

அப்பா மட்டும், “செய்யட்டுமே” என்றார்.

முன்னால் வெள்ளை எல்.இ.டி., பின்னால் விட்டுவிட்டு எரியும் சிவப்பு எல்.இ.டி. ஒரே நாளில் முடித்துவிட்டேன். எந்த பேட்டரியைப் போடுவது என்பதில்தான் சிக்கல். முதலில் பென்சில் பேட்டரி. சுவர்க் கடிகாரத்திலிருந்தும் டிவி ரிமோட்டிலிருந்தும் கழற்றிப் போட்டேன். விளக்கு மின்மினிப்பூச்சிக்குத் தங்கை மாதிரி எரிந்தது. கடிகாரம் நின்றுபோனதால் அப்பாவுக்கு அன்று ஷிப்டு தவறியது. (ரிமோட் வேலை செய்யாததால் அம்மாவுக்கு சீரியல் தவறியது. வீட்டில் பெரிய குற்றம் அதுதான்.) அடுத்தது ஒன்பது வோல்ட் சதுர பேட்டரி. ஜோராக எரிந்தது, எங்கள் தெரு முனைவரை. மூன்றாவதாக, பழைய செல்போன் பேட்டரி. சார்ஜ் போட்டுவிட்டு வந்து பார்த்தால் அப்பளம் மாதிரி உப்பிக் கிடந்தது. அம்மா அதை முறத்தில் வைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, தோட்டத்து மூலையில் கொண்டுபோய் வைத்தாள்.

இவ்வளவுக்குப் பிறகு எனக்கு ஒரு வெறியே வந்துவிட்டது. எது போட்டாலும் சாகாத பேட்டரி வேண்டும். மந்தாரக்குப்பத்தில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர், கம்ப்யூட்டர் யு.பி.எஸ்.ஸில் போடுகிற பேட்டரி ஒன்றை எடுத்து வைத்தார். பன்னிரண்டு வோல்ட், ஏழு ஆம்பியர் ஹவர். செங்கல் கனம்.

“என்னாத்துக்கும்மா?”

“சைக்கிளுக்கு.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “சைக்கிளுக்கா? கல்யாண வூட்டுக்கு சீரியல் செட்டே போடலாம்மா இதுல.”

“நடுவுல நின்னுடாதே?”

“நீயா நிறுத்துனாதான் உண்டு.”

எனக்கு வேண்டியதும் அதுதானே! வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பன்னிரண்டு வோல்ட் கைக்கு வந்ததும் புத்தி சும்மா இருக்குமா? இரண்டு விளக்குக்கு மட்டும் இவ்வளவு பெரிய பேட்டரியா என்று, ஸ்கூட்டர் ஹாரன் ஒன்றையும் சேர்த்துக்கொண்டேன். பெல் அடிக்கக் கூச்சப்படுகிறவருக்கு ஹாரன்! அதற்கு ஸ்விட்சாகப் பழைய காலிங் பெல் பட்டனை ஹேண்டில்பாரில் கட்டினேன். பேட்டரி திருடுபோகாமல் இருக்க ஓர் இரும்புப் பெட்டிக்குள் வைத்து, பின் கேரியரில் போல்ட் போட்டு முடுக்கி, பூட்டும் போட்டேன். ஆறு நாள் வேலை. மெயின் ஸ்விட்ச் ஒன்று வைக்கவேண்டும் என்பது மட்டும் அந்த ஆறு நாளில் ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

ஏழாம் நாள் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள்.

இங்கே அம்மாவின் கொள்கையைச் சொல்லவேண்டும். அதற்குமுன் ஒரு வரன் வந்து தட்டிப்போயிருந்தது. பிளாக் முழுக்க மூன்று மாதம் துக்கம் விசாரித்தார்கள். அதனால் இந்த முறை முடிவாகும்வரை யாருக்கும் மூச்சுவிடக்கூடாது என்று உத்தரவு. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் மல்லிகா ஆன்ட்டிக்கு வாசனை போய்விடும் என்று, ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் கேசரியே கிளறினாள்.

மாப்பிள்ளை வீடு காடாம்புலியூர். பையன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். டவுன்ஷிப்பில் எல்லாத் தெருவும் ஒரே மாதிரி, எல்லா வீடும் ஒரே மாதிரி. வந்தவர்களின் கார் இரண்டு பிளாக் தள்ளிச் சுற்றிக்கொண்டிருந்தது. இருட்டத் தொடங்கியிருந்தது. “நான் போய் இட்டாறேன்” என்று அப்பா சைக்கிளை எடுத்தார்.

“அப்பா, பின்னாடி சிவப்பு லைட்டு விட்டு விட்டு எரியும். அதையே பாத்துக்கினு வரச்சொல்லுங்க” என்றேன் பெருமையாக.

பட்டுப்புடவை கட்டி, தலையில் ஒரு முழம் மல்லிகையோடு உள்ளறையில் உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிடம் கழித்து, தூரத்தில் ஒரு சத்தம். ‘பேஏஏஏ’ என்று, மூச்சே விடாமல்.

“எவன்டி அவன், அறிவில்லாம அடிச்சிக்கினு வரான்?” என்றாள் அம்மா.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. பெற்றவளுக்குத் தன் குழந்தையின் அழுகை தெரியாமல் போகுமா?

ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தேன். அப்பா வந்துகொண்டிருந்தார். குனிந்த தலை. குறுக்கே வந்த நாய்க்காக, வாழ்க்கையில் முதல்முறையாக அந்தப் பட்டனைத் தொட்டிருக்கிறார். உள்ளே தகடு ஒட்டிக்கொண்டுவிட்டது. முன்னால் வெள்ளை வெளிச்சம், பின்னால் சிவப்பு மினுக்கல், நடுவே ஓயாத ஹாரன். அவருக்குப் பின்னால் மாப்பிள்ளை வீட்டுக் கார். டவுன்ஷிப்பில் இப்படித்தான் அழைத்துப்போவார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, டிரைவரும் பதிலுக்கு ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார்.

ஒவ்வொரு வாசலிலும் விளக்கு எரிந்தது. கரண்டியோடு சிலர், துண்டோடு சிலர். மல்லிகா ஆன்ட்டி கேட்டைத் திறந்துகொண்டு நடுரோட்டுக்கே வந்துவிட்டார்.

“ஏன்க்கா, கல்யாணமா? சொல்லவே இல்ல!”

அம்மாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கிற தைரியம் இல்லை. ஸ்க்ரூ டிரைவரையும் சாவியையும் எடுத்துக்கொண்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெளியே ஓடினேன். அம்மா போட்டு வைத்திருந்த திட்டப்படி, அப்போது நான் தலைகுனிந்து காபித் தட்டோடு வந்திருக்கவேண்டும். வந்தது வேறு.

ரோட்டில் குந்தி உட்கார்ந்து பூட்டைத் திறந்தேன். உள்ளே இன்னொரு சோதனை. வயர் கழன்றுவிடக்கூடாது என்று நானே முக்கால் ரோல் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றியிருந்தேன். எங்கே ஆரம்பம், எங்கே முடிவு என்று தெரியவில்லை. என் தலைக்கு மேல் ஒரு செல்போன் டார்ச் எரிந்தது. யாரென்று பார்க்கக்கூட இல்லை.

“கொஞ்சம் லெப்ட்ல பிடிங்க! என் கண்ணுல அடிக்காதீங்க!” என்று கத்தினேன்.

டார்ச் இடப்பக்கம் நகர்ந்தது. “என்ன பேட்டரிங்க?” என்று ஒரு குரலும் கத்தியது.

“என்னது?”

“பேட்டரி! என்ன பேட்டரி?”

“பன்னெண்டு வோல்ட்டு! ஏழு ஆம்பியர்!”

“இன்னும் எவ்ளோ நேரம் கத்தும்?”

“மூணு மணி நேரம்!” என்றேன். மனக்கணக்கு அப்போதும் சரியாகத்தான் வந்தது.

கடைசியில் பல்லால் டேப்பைக் கடித்து இழுத்தேன். வயர் கையோடு வந்தது. ஹாரன் நின்றது. அந்த நிசப்தத்தில் நிமிர்ந்து பார்த்தால், வாயில் டேப்போடு நான், கையில் டார்ச்சோடு மாப்பிள்ளை, சுற்றிலும் எங்கள் பிளாக். யார் முதலில் சிரித்தது என்று தெரியாது. மாப்பிள்ளையின் அம்மாதான் காருக்குள்ளிருந்து சிரித்திருக்கவேண்டும். இறங்கவே முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்புறம் தெருவே சிரித்தது.

ஆறு பேருக்குச் செய்த கேசரியை அன்று தெருவே சாப்பிட்டது. வேறு வழியில்லாமல் அம்மா மறுபடியும் ரவை வறுத்தாள். மல்லிகா ஆன்ட்டி தன் வீட்டு நெய்யைக் கொண்டுவந்து ஊற்றி, “தட்டை மாத்திருவோமா?” என்று முதல் ஆளாகக் கேட்டார். மாப்பிள்ளை வீட்டார் காரிலிருந்து தங்கள் ஊர்ப் பலாப்பழத்தை இறக்கினார்கள். எங்கள் தெருவுக்கே கையெல்லாம் பிசுபிசுத்தது.

எல்லாரும் போனபின் அப்பாவிடம் கேட்டேன். “ஏம்ப்பா, ஹாரன் வயர் வெளியதான தொங்குச்சு? எனக்குத்தான் அவசரத்துல தோணல, நீங்க ஒரு இழு இழுத்தா நின்னிருக்குமே?”

அப்பா முட்டியைத் தடவிக்கொண்டார். “தெரியும். நீ ஆறு நாளு குந்திக்கினு செஞ்சியே. அத்து வுட மனசு வரல.”

இரண்டு பிளாக் தூரம், அந்தச் சத்தத்தோடு, அத்தனை பேர் பார்க்க வந்திருக்கிறார் அந்த மனுஷன். நான் அடுக்களைக்குள் போய் மூக்கைச் சிந்திக்கொண்டேன். (வெங்காயம் எதுவும் நறுக்கவில்லை.)

கல்யாணமாகிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. மாமியார் எந்த விசேஷத்திலும் என்னை ஒரே மாதிரிதான் அறிமுகம் செய்கிறார்: “போட்டோல பாத்தப்ப அடக்கமா இருந்துச்சு. நேர்ல போனா வாயில டேப்பைக் கடிச்சிக்கினு நடுரோட்ல குந்திக்கினு இருந்துச்சு.” வீட்டில் எனக்கும் கணவருக்கும் சண்டை வந்து நான் விடாமல் பேச ஆரம்பித்தால், அவர் கடிகாரத்தைப் பார்ப்பார். பிறகு பிள்ளைகளிடம் திரும்பி, “மூணு மணி நேரம்” என்பார்.