காதாலேயே கழற்றிப் பார்ப்பவர்

டாக்டர்கூட நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் மருந்து எழுதுகிறார். எங்கள் கம்பம் பக்கத்தில் ஓர் இனம் உண்டு. அதற்கு அந்தச் சிரமமே கிடையாது. அந்த இனத்துக்காரர் வண்டியைத் தொடமாட்டார். குனிந்து பார்க்கமாட்டார். என்ன ஆச்சு என்று மட்டும் கேட்கவே மாட்டார். கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, கையை உயர்த்திச் சுற்றி நிற்பவர்களை அடக்கிவிட்டு, சத்தத்தைக் கேட்ட மாத்திரத்தில் நோயைச் சொல்லிவிடுவார். காதாலேயே வண்டியைக் கழற்றிப் பார்ப்பவர். உங்கள் ஊரிலும் இருப்பார். இல்லாமல் எங்கே போவார்?

அவரைத் தேடிப் போக வேண்டியதில்லை. போடி மெட்டில் ஜீப் நின்றாலும் சரி, ஆண்டிபட்டிக் கணவாயில் லாரி நின்றாலும் சரி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே வந்துவிடுவார். "ஸ்டார்ட் பண்ணு. ம்... நிப்பாட்டு. இன்னொருக்கா ஸ்டார்ட் பண்ணு" என்பார். பிறகு, "நான் அப்பவே நெனச்சேன்." எப்போது நினைத்தார்? யாருக்குத் தெரியும்! எங்கள் இரும்புக்கடை பொன்னுராஜ் போன மாதம் ஒரு காருக்கு "பேரிங் போச்சு" என்று தீர்ப்புச் சொன்னார். அந்தச் சத்தம் எதிர்வீட்டு மாவு கிரைண்டர் என்பது கரண்ட் போனபோதுதான் தெரிந்தது. அதற்கும், "கிரைண்டர்லயும் பேரிங் இருக்குல்ல?" என்றாரே தவிர, மனுஷன் அசரவில்லை.

சுருளிப்பட்டிப் பக்கம் மகாலட்சுமிக்குத் திராட்சைத் தோட்டம். குமுளியில் டூரிஸ்ட்காரர்களைச் சுமந்து அலுத்துப்போன ஒரு ஏ.டி.வி.யை வாங்கி, பின்னால் சின்ன டிரெய்லர் மாட்டி, பழப் பெட்டிகளைத் தார்ரோட்டுக்கு இழுத்து வருவாள். ஊரில் அதற்கு நாலு சக்கர பைக் என்று பெயர். அன்றைக்கு நானும் தோட்டத்தில் இருந்தேன். பழம் அறுத்தாயிற்று. ரோட்டில் கேரளா லாரி காத்து நிற்கிறது. குமுளி மலைப் பக்கம் கருத்துக்கொண்டு வருகிறது. நனைந்த பழத்தை லாரிக்காரர் ஏற்றமாட்டார், போய்ச் சேர்வதற்குள் அழுகிவிடும். அந்த நேரம் பார்த்து, வண்டி பாதி வழியில் நின்றது. எஞ்சின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை. லேசாகக் கருகல் வாடை.

பந்தலுக்குக் கம்பி கொண்டுவந்த பொன்னுராஜ் அங்கேதான் இருந்தார். கேட்கவா வேண்டும்!

"அண்ணே, காலையில வாய்க்காலத் தாண்டுறப்ப..." என்று ஆரம்பித்தாள் மகாலட்சுமி.

"பேசாத ஆத்தா, சத்தம் கேக்க விடு." கண் மூடியது. தலை சாய்ந்தது. "கிளட்ச் பிளேட்டு. சோலி முடிஞ்சது. எங்க, கிளட்சப் பிடி பாப்போம்."

"இதுல பிடிக்கிறதுக்குக் கிளட்ச்சே கெடையாதுண்ணே. அதுவாப் பிடிக்கும். உள்ள பெல்ட்டுதான் வண்டிய இழுக்கும்."

"அதத்தானே நானும் சொல்றேன், பெல்ட்டு வழுக்குது!"

அவர் விரலை நீட்ட, மகாலட்சுமி பக்கவாட்டு மூடியைக் கழற்றினாள். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிந்தது. வேறு யாராக இருந்தாலும் அந்தத் தண்ணீரைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டிருப்பார்கள்.

"பாத்தியா? பெல்ட்டுக்கு வேர்த்திருக்கு. லோடு ஜாஸ்தி" என்றார் பொன்னுராஜ்.

"வேர்வை இல்லண்ணே, வாய்க்காத் தண்ணி. தொடச்சுக் காயவிட்டாப் போதும்னு வண்டி வித்தவுக சொன்னாக..."

"வித்தவனுக்கு என்னத்தா தெரியும்?"

பொன்னுராஜின் அப்பா காலத்தில் அவர்களுக்கு மாவு மில் இருந்தது. அங்கே பெல்ட் வழுக்கினால் குங்கிலியப் பொடியைத் தூவுவார்கள், கப்பென்று பிடித்துக்கொள்ளும். மில் போய்விட்டது, பொட்டலம் போகவில்லை. தன் பைக் பெட்டியில் எந்நேரமும் வைத்திருக்கிறார். எடுத்தார்.

ரோட்டிலிருந்து லாரி டிரைவர் பாண்டீஸ்வரன் ஹாரன் அடித்தார். "யக்கா, மழை எறங்குனா நான் கெளம்பிருவேன்!" மகாலட்சுமி மலையைப் பார்த்தாள், பெட்டிகளைப் பார்த்தாள், பொன்னுராஜ் அண்ணன் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் துளி சந்தேகம் இல்லை. பாவம், தனக்குத் தெரிந்ததை விட்டுவிட்டு அந்த முகத்தை நம்பினாள். தெரிந்தவர்கள் தயங்கித் தயங்கித்தான் பேசுகிறார்கள். நாம் தயங்காதவரைத்தானே நம்புகிறோம்?

குங்கிலியம் தூவப்பட்டது. மூடி மாட்டப்பட்டது. வண்டி நகர்ந்தது! பொன்னுராஜ் எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். நாலு தென்னை தாண்டியிருக்காது, சூட்டில் குங்கிலியம் பாகாக உருகி, பெல்ட்டை அது ஓடும் புல்லிச் சக்கரத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டது. குபுகுபுவென்று புகை. பிறகு ஒரே ஒரு 'டப்'.

அதற்கப்புறம் பழம் பறிக்க வந்த பெண்கள் தலைச்சுமையாக ஓடினார்கள். நானும் இரண்டு பெட்டி தூக்கினேன். பொன்னுராஜ் எப்படித் தூக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பாதிப் பெட்டிதான் லாரி ஏறியது. மழை பிடித்துக்கொண்டது. மீதி கண்ணெதிரே நனைந்தது. ஒரு பருவத்து உழைப்பு!

மகாலட்சுமி நனைந்துகொண்டே, வண்டி நின்றபோது ஆரம்பித்த வாக்கியத்தை ஒருவழியாக முடித்தாள். "வாய்க்காலத் தாண்டுறப்ப உள்ள தண்ணி ஏறிருச்சுண்ணே. பெல்ட்டு நல்லாத்தான் இருந்துச்சு."

பொன்னுராஜ் அறுந்த பெல்ட்டைத் தூக்கிக் காட்டினார். "நல்லா இருந்தா ஏன் அறுகுது? பெல்ட்டுதான்னு மொதல்லயே சொன்னேன்ல?"

உங்களுக்கு எரிச்சலாக வருகிறதா? வரட்டும். ஆனால் ஒன்று கேட்கிறேன், ஒளிக்காமல் சொல்லுங்கள். "எஞ்சின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை" என்று நான் எழுதிய இடத்தில் உங்கள் மனசுக்குள் ஒரு பதில் வந்ததா இல்லையா? கியர் விழுந்திருக்காது என்றோ, பிரேக் பிடித்திருக்கும் என்றோ, சங்கிலி கழன்றிருக்கும் என்றோ? வாய்க்கால் சங்கதியை மகாலட்சுமி சொல்லி முடிக்கும் வரை பொறுத்தீர்களா?

பொன்னுராஜாவது சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் சொன்னார். நீங்கள் அதைக்கூடக் கேட்கவில்லையே, அண்ணே!