வேண்டாத இரைச்சல் பற்றி மாப்பிள்ளைக்கு

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். ஃப்ரிட்ஜ் மட்டும் நலமில்லை, அந்தக் கதை கீழே வருகிறது. அங்கே உங்கள் நலமும் என் மகள் நலமும் உங்கள் கிட்டாரின் நலமும் அறிய ஆவல். கிட்டாரை நான் விசாரிப்பது இதுதான் முதல் தடவை. நீங்கள் கவனிக்க வேண்டும் என்றுதான் எழுதினேன்.

போன வாரம் உங்கள் கிட்டாரோடு இணைக்கும் பெடல் பெட்டி பார்சலில் வந்தது. உள்ளே பழைய ரேடியோ வால்வு மாதிரி ஒரு சின்னக் கண்ணாடி டியூப், வெளியே மூன்று திருகு குமிழ், கூடவே என் மகளின் துண்டுச்சீட்டு: "அப்பா, இதுல வேண்டாத இரைச்சல் வருது. அடுத்த சனிக்கிழமை இவருக்குக் கச்சேரி. உங்களை விட்டா யாராலயும் இதைச் சரி பண்ண முடியாது." முப்பத்தோரு வருஷம் டெலிபோன் லைன்களில் இரைச்சலைத் தேடிப் பிடித்தவன் நான். படித்ததும் தலைகால் புரியவில்லை. அப்புறம்தான் 'இரைச்சல்' என்ற வார்த்தை உறுத்தியது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் கூடத்தில் நீங்கள் வாசித்தபோது, பேப்பரிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தாமல், "அந்த இரைச்சலை நிறுத்தச் சொல்லும்மா" என்றேன். உங்களிடம்கூட இல்லை, மகளிடம். நீங்கள் கேபிளைச் சுருட்டினீர்கள். ஒரு முறுக்கு விழாமல், லைன்மேன் சுருட்டுவது போலச் சுருட்டினீர்கள். அதைப் பார்த்தேன், வாயைத் திறந்து பாராட்டவில்லை. அதற்கப்புறம் நீங்கள் இருவரும் இந்த வாசற்படி ஏறவில்லை.

சரி, வேலைக்கு வருகிறேன். மகளின் பழைய கிட்டாரில் நான்கு கம்பிதான் மிச்சம். அதைப் பெடலில் மாட்டி உங்கள் அத்தை சுண்ட, நான் கேட்டேன். கிட்டார் சத்தத்துக்கு அடியில் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல், நடுநடுவே கரகரப்பு. கேபிளை மாற்றினேன், போகவில்லை. அடாப்டரை மாற்றினேன், போகவில்லை. சமையலறை டியூப்லைட்டாக இருக்குமோ என்று அணைத்தேன். உங்கள் அத்தை இருட்டில் வெங்காயம் நறுக்கி என்னையும் சேர்த்து நறுக்கினாள். ஃப்ரிட்ஜைச் சந்தேகித்து ப்ளக்கைப் பிடுங்கினேன், திரும்பச் சொருக மறந்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து வாசனைதான் ஞாபகப்படுத்தியது. கடைசியில் டியூப்பைக் கழற்றிப் பார்த்தால், அதன் ஒன்பது கால்களில் ஒன்றில் மட்டும் சிவப்பாக ஏதோ பெயிண்ட் ஒட்டியிருந்தது. அந்தக் கால் சாக்கெட்டில் பட்டும் படாமலும் இருந்திருக்கிறது. பிளேடால் சுரண்டினேன். முனகல் போன இடம் தெரியவில்லை. இப்படிப் பெயிண்டைச் சிந்தி வேலை பார்க்கும் தொழிற்சாலைக்கு ஒரு புகார்க் கடிதமும் எழுதி வைத்திருக்கிறேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். முதல் குமிழை முழுக்கத் திருப்பினேன். உறுமல். ஆகா, இன்னொரு பழுது என்று நினைத்து, டெலிபோன் லைனில் இரைச்சலை வடிகட்ட மாட்டும் பழைய ஃபில்டர் ஒன்றைத் தேடியெடுத்து மூன்று நாள் மெனக்கெட்டு இணைத்தேன். உறுமல் அடங்கி, கிட்டார் டெலிபோனில் பேசுவது போல் சுத்தமாகக் கேட்டது. பெருமையாகத் திரும்பினேன். உங்கள் அத்தை கிட்டாரைக் கீழே வைத்துவிட்டாள். "நல்லா இல்லைங்க. முன்னாடி ஏதோ சொல்ல வந்துச்சு. இப்ப உங்ககிட்ட பயந்துக்கிட்டு வாயை மூடிக்கிச்சு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது, மாப்பிள்ளை. அந்த உறுமலுக்காகத்தானே இந்தப் பெட்டியைச் செய்திருக்கிறார்கள். வாழ்நாளெல்லாம் இரைச்சலை எடுத்தவனுக்கு எதை விட்டுவைப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. அன்றைக்குக் கூடத்தில் செய்ததும் அதுதான். தப்பு என்னுடையது, மன்னிக்க வேண்டும். ஃபில்டரைப் பிடுங்கிவிட்டேன். பெடல் இப்போது நன்றாக உறுமுகிறது. நாளைக் காலை கூரியரில் வரும்.

இருவரும் நோய்நொடியின்றி நீடூழி வாழ ஆசி. கச்சேரி ஜோராக நடக்கட்டும்.

இப்படிக்கு,
அன்புள்ள மாமா

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் உங்கள் அத்தை இதைப் படித்தாள். சிவப்புப் பெயிண்ட் வந்த இடத்தில் சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. "அது நகப்பாலிஷ்ங்க, நம்ம பொண்ணு வேலை. சின்னவளா இருக்கறப்ப, நீங்க ஞாயித்துக்கிழமையும் டூட்டிக்குப் போறீங்கன்னு நம்ம வீட்டு போன்ல இதையே பூசி வச்சா. நீங்களும் நாள் முழுக்க வீட்லயே உக்காந்து நோண்டினீங்க. அன்னைக்கும் டியூப்லைட், இன்னைக்கும் டியூப்லைட்." ஆகவே தொழிற்சாலை, கூரியர் பற்றி மேலே எழுதியதைப் பொருட்படுத்த வேண்டாம். புகார்க் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். பெடல் கூரியர்ல வராது. அத்தைகிட்ட நகப்பாலிஷ் வாங்கி அதே கால்ல மறுபடி ஒரு பொட்டு வச்சுட்டேன், பழையபடி கரகரங்குது. சுரண்ட ரெண்டு நிமிஷம் போதும், ஆனா எதிர்ல உக்காந்து நீங்க வாசிச்சாதான் சரியாச்சான்னு எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை ரெண்டு பேரும் வாங்க. உங்க மனைவிகிட்ட ஒண்ணும் கேக்காதீங்க. ஃப்ரிட்ஜ் ஓடுது. அன்னைக்குப் பேப்பர் போட வேண்டாம்னு சொல்லிட்டேன்.