முன்னறைக்கு என்ன எடை?

வீடு மாற்றுவது என்று முடிவான அன்றே தராசு ஒரு சபதம் எடுத்துக்கொண்டார். புது வீட்டின் முன்னறை அவருக்குத்தான். உயிரைக் கொடுத்தாவது அதை வாங்கிவிடுவது. வாங்கிய பிறகு அதில் யார் உட்காருவது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

தராசு என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. பார்சல் ஆபீசில் எடை போடுகிற வேலை அவருக்கு. வருகிற மூட்டையைக் கையால் தூக்கிப் பார்த்தே இத்தனை கிலோ என்று சொல்லிவிடுவார். மெஷின் வேறு மாதிரி காட்டினால் மெஷினைத்தான் ரிப்பேருக்கு அனுப்புவார்கள். அந்த மரியாதையில் ஆபீஸ்காரர்கள் வைத்த பெயர் அது. வீட்டில் அந்தத் தராசின் முள் எப்போதும் மனைவி பக்கமே சாய்ந்து நிற்கும் என்பது ஆபீசுக்குத் தெரியாது.

புது வீட்டில் இரண்டே அறைகள். முன்னறையில் தெருவைப் பார்த்த பெரிய ஜன்னல். காற்று அள்ளிக்கொண்டு போகும். பின்னறைக்கும் ஜன்னல் உண்டு. அதைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் மூக்கில் இடிக்கும். தராசுக்கு முன்னறையில் சாய்வு நாற்காலியைப் போட்டு, காலை நீட்டி, ரேடியோ கேட்க வேண்டும். அவர் மனைவிக்கோ தொழில். தலையணை, மெத்தை, சோபா திண்டு எல்லாம் வீட்டிலேயே தைத்துக் கொடுக்கிறாள். ஊசியில் நூல் கோக்க வெளிச்சம் வேண்டும் என்று அந்த ஜன்னலை அவளும் குறி வைத்துவிட்டாள்.

வாய்ச்சண்டையில் மனைவியை ஜெயிக்க முடியாது என்பதைத் தராசு கல்யாணமான புதிதிலேயே தெரிந்துகொண்டவர். அதனால் இந்தத் தடவை விஞ்ஞானத்தைத் துணைக்கு அழைத்தார்.

"சண்டை எதுக்கு? கூலிக்கு ஆள் வேண்டாம். மாடியிலேர்ந்து சாமானை நாமளே இறக்குவோம். யார் அதிகமா இறக்கறாங்களோ அவங்களுக்கு முன்னறை."

"அதிகம்னா எது அதிகம்? எண்ணிக்கையா, எடையா, அடைக்கிற இடமா?"

தராசுக்குப் புல்லரித்துப்போனது. சொந்த வீட்டில் அவரிடம் இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. முகமெல்லாம் சிவக்க, நாற்காலி நுனிக்கு வந்து உட்கார்ந்து விளக்க ஆரம்பித்தார். ஒரு கிலோ இரும்பு, ஒரு கிலோ பஞ்சு. எடை ஒன்றுதான். ஆனால் இரும்பு உள்ளங்கையில் அடங்கிவிடும். பஞ்சுக்கு ஒரு கோணிப்பை வேண்டும். அந்த இடத்துக்குப் பெயர்தான் கன அளவு.

"கொஞ்ச இடத்துக்குள்ள எவ்வளவு பொருள் நெருக்கியடிச்சு உக்காந்திருக்குங்கறதுதான் அடர்த்தி" என்று முடித்தார்.

மனைவி அவர் தலையை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தாள். "அடர்த்தியைப் பத்தி நீங்க பேசறீங்க."

தராசு வழுக்கையைத் தடவிக்கொண்டு அடுத்த பாடத்துக்குத் தாவினார். நிறை வேறு, எடை வேறு. பூமி நம்மை இழுக்கிற இழுப்புதான் எடை. நிலாவில் இழுப்பு குறைவு, அதனால் எடையும் ஆறில் ஒரு பங்குதான் காட்டும். "ஆனா என் நிறை அப்படியேதான் இருக்கும். எங்க போனாலும் மாறாது."

"அங்க போயும் நீங்க மாற மாட்டீங்களா? சரி, உங்க நிறை குறையெல்லாம் எனக்குத் தெரிஞ்சதுதானே. போட்டி எதுலன்னு சொல்லுங்க."

"எடையில" என்றார் தராசு. சொல்லும்போதே உள்ளுக்குள் ஒரு குத்தாட்டம். மனைவியின் உடைமை முக்கால்வாசி பஞ்சும் நுரை ரப்பரும். விடிய விடியச் சுமந்தாலும் ஒரு தையல் மெஷினுக்கு ஈடாகாது. அவள் யோசிக்காமல் சரி என்றாள். யோசிக்காமல் சரி என்கிற பெண்மணி அல்லவே இவள் என்று தராசு அப்போதே யோசித்திருக்க வேண்டும். சந்தோஷத்தில் அதற்கு அவருக்கு நேரமில்லை.

வீடு மாற்றுகிற அன்று மனைவியின் அண்ணன் தன் வேனைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். நடுவரும் அவர்தான். ஆபீசிலிருந்து இரவல் வாங்கிவந்த எடை மெஷினைத் தராசு வேனுக்குப் பக்கத்தில் வைத்தார். இறக்குகிற ஒவ்வொன்றையும் அதில் வைத்துவிட்டுத்தான் வேனில் ஏற்ற வேண்டும். குடியிருந்தது நாலாவது மாடி. லிஃப்ட் படுத்து வெகு நாளாகிவிட்டது.

தராசு வேட்டியை மடித்துக் கட்டினார். புத்தகப் பெட்டியை இறக்கினார். சுத்தியல், ஸ்பேனர் போட்ட இரும்புப் பெட்டியை இறக்கினார். தொப்பையைக் குறைப்பதற்காக வாங்கி, கட்டிலுக்கடியில் தூங்கிக்கொண்டிருந்த டம்பெல்ஸை இறக்கினார். மச்சான் ஒவ்வொரு எடையையும் சத்தமாகச் சொல்லச் சொல்ல, தராசு மறுபடி மாடிக்கு ஓடினார்.

மேலே மனைவி தையல் மெஷின்மேல் கை வைத்திருந்தாள். "இது என்னோட பொருள். நான் தூக்கிக்கறேன்."

தராசு பாய்ந்து போய் அதைக் கட்டிக்கொண்டார். வார்ப்பிரும்புக் காலோடு சேர்ந்த பழைய மெஷின் அது. அதை விட்டால் போட்டி என்னாவது? அவள் மனசில்லாத மாதிரி ஒதுங்கினாள். அடுத்து இஸ்திரிப்பெட்டி. அதுவும் அவள் கை வைத்ததால் அவருக்கு ஞாபகம் வந்தது. அப்புறம் பால்கனியில் கிடந்த கிரானைட் பலகை. அதை அப்புறப்படுத்தச் சொல்லி வருஷக்கணக்கில் மனைவி மன்றாடியும் அவர் அசைந்ததில்லை. இன்றைக்கு அவள் அந்தப் பக்கம் ஒரு தடவை ஆசையாகத் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். தராசு அதை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் அவர் நின்று விஞ்ஞானம் பேசினார். கிரானைட்டின் அடர்த்தி என்ன, இரும்பின் அடர்த்தி என்ன, எண்ணெய் ஏன் தண்ணீரில் மிதக்கிறது. பாடம் நடத்துகிறார் என்று கேட்டவர்கள் நினைத்தார்கள். அவர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். மனைவி இரண்டு கக்கத்திலும் ஒவ்வொரு தலையணைக் கட்டாக இடுக்கிக்கொண்டு, அவரை நலம் விசாரித்தபடி கடந்து போனாள்.

அந்தக் கட்டுகளைப் பார்த்ததும் தராசுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. தலையணை, திண்டு, மெத்தை எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, தூசி உறிஞ்சும் மெஷினால் உள்ளேயிருந்த காற்றை உறிஞ்சி, கயிறு போட்டு இறுக்கியிருந்தாள். எல்லாம் பலகை மாதிரி சப்பையாகக் கிடந்தன.

"இவ்வளவுதானா உன் சாமான்?"

"இவ்வளவேதாங்க."

எடை மெஷின் அவற்றைக் கண்டுகொள்ளவே இல்லை. எல்லாக் கட்டும் சேர்ந்து கிரானைட் பலகைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. ஜெயித்தது மாப்பிள்ளைதான் என்று மச்சான் அறிவித்து, தராசின் கையைப் பிடித்து உயரத் தூக்கினார். தராசால் தானாகத் தூக்க முடியாததால் அதுவும் ஓர் உதவியாக இருந்தது.

புது வீட்டுக்குப் போனதும் தராசு ஓர் உத்தரவு போட்டார். தான் ஜெயித்த எடை முழுவதும் முன்னறையிலேயே இருக்க வேண்டும். பார்க்கிறவர்களுக்குத் தெரிய வேண்டாமா? மச்சானும் அவருமாகத் தையல் மெஷினை ஜன்னலடியில் போட்டார்கள். மற்றதெல்லாம் ஒரு சுவரோரமாக அடங்கிவிட்டது. அவ்வளவு அடர்த்தி. அறை நடுவே சாய்வு நாற்காலி ராஜா மாதிரி நின்றது.

மனைவி நிலைப்படியிலேயே நின்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அறை உங்களோடதுதான். என் கட்டுங்களை மட்டும் ஒரு ஓரமா வச்சுக்கட்டுமா?"

ஜெயித்தவனுக்குப் பெருந்தன்மை வேண்டும் இல்லையா? "தாராளமா வச்சுக்க. ஆனா ஒண்ணு. இந்தக் கட்டுங்க எடை இதுக்கு மேல ஒரு கிராம் கூடக் கூடாது. நாளைக்குப் புதுசா எதையாவது கொண்டுவந்து சேர்த்தா நான் பொல்லாதவன்."

"ஒரு கிராம் கூடாதுங்க. அண்ணன்தான் சாட்சி."

தராசு துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். வெந்நீர் விட்டு முதுகைத் தேய்க்கும்போது, முன்னறைப் பக்கத்திலிருந்து 'புஸ்' என்று ஒரு சத்தம். இன்னொரு 'புஸ்'. அப்புறம் வரிசையாக. சைக்கிள் டியூபுக்கு யாரோ காற்று இறக்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். தலை துவட்டியபடி வந்து கதவைத் தள்ளினார். கதவு பாதிதான் திறந்தது. எதுவோ மெத்தென்று எதிர்த்துத் தள்ளியது.

எட்டிப் பார்த்தார். அறை முழுக்கத் தலையணை. தலையணைமேல் திண்டு, திண்டுமேல் மெத்தை. புத்தகப் பெட்டியைக் காணோம், டம்பெல்ஸைக் காணோம், கிரானைட் போன இடம் தெரியவில்லை. சாய்வு நாற்காலி மடக்கப்பட்டு வெளி நடையில் சாத்தியிருந்தது. காலியாக இருந்த ஒரே இடம் ஜன்னலடி. அங்கே தையல் மெஷின்முன் அவர் மனைவி உட்கார்ந்து, வெளிச்சத்தில் ஊசிக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தாள். மச்சான் அவசர வேலை என்று போயிருந்தார்.

"இதெல்லாம் எங்கேருந்து வந்துச்சு?" தராசின் குரல் கிறீச்சிட்டது.

"எங்கேருந்தும் வரலை. அதே கட்டுங்கதான். கயித்தை அவுத்தேன், காத்து உள்ள போச்சு."

"நமக்குள்ள ஒரு பேச்சு இருந்துச்சே."

"அதைத்தானே காப்பாத்தியிருக்கேன். நிறை அதே நிறை. எடை அதே எடை. கன அளவு பத்தி நீங்க ஒரு வார்த்தை சொல்லலை." நூல் ஒரே குத்தில் நுழைந்தது. "சந்தேகம்னா எடை போட்டுப் பாருங்க."

தொழில்காரர் அல்லவா, தராசு விடவில்லை. எடை மெஷினை வெளி நடையில் வைத்து, ஒவ்வொரு திண்டாகச் சுமந்துவந்து, ஒவ்வொன்றாக நிறுத்தார். இறக்கினபோது என்ன காட்டியதோ அதேதான் இப்போதும். ஒரு கிராம் ஏமாற்று இல்லை. கடைசியில் மெஷினில்தான் கோளாறு என்று தானே அதில் ஏறி நின்று பார்த்தார்.

மெஷினிலும் கோளாறு இல்லை. காலையிலிருந்து அந்த வீட்டுச் சாமான்களில் எடை குறைந்திருந்தது அவர் ஒருவர் மட்டும்தான்.