ஆறு அறைக் கழிப்பறையும் இரண்டு பூட்டுகளும்

போமாஹுன்,
2006 நவம்பர் 14

மரியாதைக்கும் அன்புக்கும் உரிய அத்தான் மொய்னினா அவர்களுக்கு, மைத்துனன் வாண்டி சுவாரே பணிவுடன் எழுதிக்கொண்டது. தலைநகர் ஃப்ரீடவுனில் நீங்களும் பைண்டு அக்காவும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க ஆண்டவனை வேண்டுகிறேன். இங்கே நானும் ஜெனெபாவும் சுகம். கோழிகள் சுகம். மழை நின்றுவிட்டது. சுகமில்லாதது இந்த மாவட்டத்தின் உள்ளாட்சி மட்டும்தான், அது நான்தான்.

இத்துடன் என் ராஜினாமாக் கடிதம் இருக்கிறது. உள்ளாட்சி அமைச்சகத்தில் இருபது வருடமாகக் குமாஸ்தாவாக இருப்பவர் நீங்கள். எந்த மேசையில் வைத்தால் ஒரு காகிதம் தொலையாமல் இருக்கும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். தயவுசெய்து அந்த மேசையில் வையுங்கள். என்னைத் தேர்தலில் நிற்கச் சொன்னதும் நீங்கள்தான் என்பதைக் குறையாகச் சொல்லவில்லை, ஞாபகத்துக்காகச் சொல்கிறேன். "உள்நாட்டுச் சண்டை முடிஞ்சாச்சு, முப்பது வருஷம் கழிச்சு கவுன்சில் திரும்ப வருது, பூகோள வாத்தியாரா ரிட்டயர் ஆகி சும்மாத்தானே உக்காந்திருக்க, நில்லுய்யா" என்றீர்கள். நின்றேன். ஜெயித்தேன். பன்னிரண்டு உறுப்பினர்களில் மூக்குக்கண்ணாடி போட்டவன் நான் ஒருவன்தான் என்பதால் என்னையே தலைவராகவும் ஆக்கிவிட்டார்கள்.

கவுன்சில் கட்டடம் சண்டையில் எரிந்துபோனது உங்களுக்குத் தெரியும். ஆகவே இந்த மண்ணின் பரம்பரைப் பெருந்தலைவர் தெங்பே அவர்கள் வழக்குக் கேட்கும் கொட்டகையில், அவர் வழக்குக் கேட்காத நாட்களில், அவருடைய நாற்காலியைத் தவிர மற்ற இடங்களில் உட்கார்ந்து நாங்கள் ஆட்சி செய்துவந்தோம். செய்த முதல் வேலை, பாலம் வேண்டும் என்று மனு எழுதியது. ஊருக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் ஆறு ஓடுகிறது, அதன்மேல் இரண்டு பனைமரத் துண்டுகள் கிடந்தன. போன வருடம் ஆகஸ்டில் அவையும் அடித்துக்கொண்டு போய்விட்டன. அந்த வாரம் தச்சன் போயிமாவின் மனைவிக்கு வலி எடுத்தபோது நர்ஸ் அக்கரையில் நின்று கத்த, இக்கரையில் அதைக் கேட்டு மீன் விற்கும் பெண்கள் பிரசவம் பார்த்தார்கள். ஆற்றுச் சத்தத்தில் நர்ஸ் சொன்னதில் பாதிதான் காதில் விழுந்தது. குழந்தை நல்லபடியாகப் பிறந்தது என்பது அந்தக் குழந்தையின் கெட்டிக்காரத்தனம். இதையெல்லாம் விவரமாக எழுதி ஐந்து மனு அனுப்பினேன். ஐந்துக்கும் "தங்கள் கடிதம் கிடைத்தது" என்று பதில் வந்தது. பாலம் வரவில்லை.

பிறகு வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்றிலிருந்து ஆலோசகர் ஹில்டே அம்மா வந்தார். நல்ல மனுஷி. நம் மரவள்ளிக் கீரைக் குழம்பைக் கண்ணில் நீர் வழிய முழுவதும் சாப்பிட்டார். அவரிடம் பாலம் கேட்டேன். எங்கள் நிறுவனத்தில் பாலம் கிடையாது, சுகாதாரமும் மக்கள் பங்கேற்பும்தான் உண்டு, ஆனால் என்ன வேண்டும் என்பதை நானோ நீங்களோ சொல்லக்கூடாது, மக்களே சொல்லவேண்டும் என்றார். மக்கள் சொல்வதற்கு ஒரு முறை வைத்திருந்தார். ஐந்து அட்டைகளில் கிணறு, பாலம், சந்தைக் கூரை, பள்ளிக்கூடம், கழிப்பறை என்று படம் வரைந்து கொட்டகைத் தரையில் பரப்பினார். ஆளுக்கு ஐந்து வேர்க்கடலை. எது வேண்டுமோ அந்தப் படத்தில் வைக்கவேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் வாக்களிக்கலாம் என்று சொன்னபோது நானே கைதட்டினேன்.

அத்தான், அவர் கொண்டுவந்தது வறுத்த கடலை.

முந்நூறு பேர் வந்தார்கள். பாலத்தின்மேல் ஒரு குன்று எழும்பியது, என் கண்ணால் பார்த்தேன். ஆனால் எண்ணுவதைச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்றார் அம்மா, சாப்பாடோ ஒன்றரை மணிநேரம் தாமதம். பசித்தவர்கள் முதலில் பள்ளிக்கூடத்தைத் தின்றார்கள். பிறகு கிணற்றைத் தின்றார்கள். சந்தைக் கூரையைப் பெருந்தலைவரின் கோழிகள் கவனித்துக்கொண்டன, அவற்றை விரட்ட யாருக்குத் தைரியம் வரும். பாலத்தைத் தின்றது எல்லோரும்தான், நானும் ஒரு கைப்பிடி எடுத்தேன் என்பதை உங்களிடம் மறைக்கமாட்டேன். கழிப்பறைப் படத்தில் கிடந்த நாற்பத்தொரு கடலையை மட்டும் ஒருவரும் தொடவில்லை. எப்படித் தொடுவார்கள். அம்மா வந்து எண்ணினார். மக்களின் முதல் தேவை கழிப்பறை என்று தாளில் எழுதி, கீழே என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். கடலை மணக்கும் வாயோடு நான் என்ன மறுப்புச் சொல்வது. போட்டேன்.

அடுத்தது, எங்கே கட்டுவது என்று கேள்வி வந்தது. மசூதித் தெருவினர் அங்கே வேண்டாம் என்றார்கள். தேவாலயத் தெருவினர், மசூதித் தெருவுக்கு வேண்டாதது எங்களுக்கு மட்டும் எதற்கு என்றார்கள். பள்ளிக்கூடத்துப் பக்கம் என்றேன், தலைமையாசிரியர் என்னோடு இருபது வருடம் ஒரே அறையில் உட்கார்ந்தவர், அன்றிலிருந்து முகம் கொடுப்பதில்லை. மூன்று கூட்டம் போட்டோம். மூன்றாவது கூட்டத்தில் சந்தைப் பெண்களின் தலைவி மா யாட்டா எழுந்தார். வெங்காயமும் கருவாடும் விற்கிறவர், பேசினால் இரண்டு தெரு கேட்கும். அன்றைக்கு மெதுவாகத்தான் பேசினார்.

"ஏன் இப்படி அடிச்சுக்கறீங்க? ஆத்துக்கு அந்தாண்ட யாரோட வீடும் இல்ல. ஆஸ்பத்திரி பக்கத்துல காலி இடம் கெடக்கு. அங்க கட்டுங்க. நாத்தம் அடிச்சா நர்ஸ் தாங்கிப்பா, அவ படிச்சவ."

எல்லோருக்கும் நிம்மதி. தீர்மானம் நிறைவேறியது. ஹில்டே அம்மா மட்டும், ஆற்றைத் தாண்டி ஜனங்கள் எப்படிப் போவார்கள் என்று கேட்டார். மா யாட்டா வானத்தைப் பார்த்தார்.

"நாங்க எப்படியோ நீந்திப் போய்க்குவோம், தாயி. வயித்துப்புள்ளக்காரிங்க, கெழவிங்கதான் பாவம். அவசரமா வர்றவங்க தண்ணியில நின்னு என்ன செய்வாங்க? செய்ய வேண்டியத அங்கயே செஞ்சிடுவாங்க. அந்தத் தண்ணியத்தான குடிக்கிறோம்."

அம்மா வேகமாக எழுதிக்கொண்டார். பத்தே நாளில் அனுமதி வந்துவிட்டது. அவர்கள் சட்டத்தில் பாலம் கிடையாதே தவிர, கழிப்பறைக்குப் போகும் பாதுகாப்பான வழி உண்டாம். அந்த வழியைச் சிமெண்டில், இருபத்திரண்டு அடி நீளத்தில், இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்துக் கட்டினார்கள். கட்டி முடித்த அன்று போயிமாவின் மனைவி, மறுபடியும் நிறைமாதம், இடுப்பில் மூத்ததை வைத்துக்கொண்டு கால் நனையாமல் அக்கரைக்கு நடந்துபோனாள். நான் மூக்கை உறிஞ்சினேன். சளியா என்று மா யாட்டா கேட்டார், ஆமாம் என்றேன். அப்போதுதான் எனக்கு மெல்ல உறைத்தது, இந்தப் பெண்பிள்ளை என்ன செய்திருக்கிறார் என்று. முப்பத்தோரு வருடம் ஆறுகளைப் பற்றிப் பாடம் நடத்தியவன் நான்.

அத்தோடு நின்றிருந்தால் இந்தக் கடிதம் இல்லை. கழிப்பறையும் முடிந்தது. ஆறு அறை, ஒரு வெளிக்கதவு. கதவுக்குச் சாவி யாரிடம்? நிலம் பெருந்தலைவருடையது, கட்டடம் கவுன்சிலுடையது. "என் பாட்டன் காலத்துலேர்ந்து இந்த மண்ணுல எந்தக் கதவு திறந்தாலும் எங்களக் கேட்டுத்தான் திறக்கும்" என்றார் அவர். சட்டப் புத்தகத்தைக் காட்டினேன். அவர் அதை வாங்கி, தலைகீழாகப் பிடித்து, நன்றாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தார். கடைசியில் அவர் ஒரு பூட்டுப் போட்டார், கவுன்சில் ஒரு பூட்டுப் போட்டது. இதை ஹில்டே அம்மா அதிகாரப் பகிர்வு என்று தன் அறிக்கையில் எழுதினார்.

திறப்பு விழா நவம்பர் ஐந்தாம் தேதி. பணம் கொடுத்த நாட்டிலிருந்தே ஒரு பெரிய அதிகாரி வந்தார். நம் சாலையில் ஆறு மணிநேரம் ஜீப்பில் குலுங்கி வந்த மனிதர். இறங்கும்போதே முகம் சரியில்லை. வழியில் பச்சைமிளகாய் போட்ட கடலைக் குழம்பு கொடுத்திருக்கிறார்கள். வந்தவுடன் ஹில்டே அம்மாவின் காதில் ஏதோ சொன்னார். அம்மா என் காதில் சொன்னார். உரைகளை அப்புறம் வைத்துக்கொண்டு முதலில் கதவைத் திறக்கவேண்டும். பெருந்தலைவர் வெள்ளை அங்கியும் குடையுமாக முன்னே வந்து, இடுப்பிலிருந்து சாவி எடுத்து, ஒரு ராஜாவைப் போலத் தன் பூட்டைத் திறந்தார். கூட்டம் ஆரவாரித்தது. நான் கால்சட்டைப் பைக்குள் கையை விட்டேன். மற்றப் பைக்குள் விட்டேன். சாவி என் இன்னொரு கால்சட்டையில் இருந்தது. அந்தக் கால்சட்டை வீட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

என்ன செய்வதென்று தெரியாமல் ஒலிபெருக்கியைப் பிடித்து, நல்லாட்சியைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். நடுவில், தாமதத்துக்குக் காரணம் என் மனைவி துணி துவைத்ததுதான் என்றும் சொல்லிவிட்டேன். ஒலிபெருக்கி அன்றைக்குப் பார்த்து மிக நன்றாக வேலை செய்தது. அதிகாரி பாலத்தின்மேல் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் வேகமாக நடந்துகொண்டிருந்தார். பாலத்தை எவ்வளவு அக்கறையாகச் சோதிக்கிறார் என்று ஜனங்கள் மெச்சினார்கள். பிறகு சட்டென்று ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் புதருக்குள் போய்விட்டார். முந்நூறு பேரும் மரியாதையாக எதிர்ப்பக்கம் திரும்பி நின்றோம். மேளக்காரர்கள், என்ன செய்வதென்று கேட்காமலேயே, பலமாக வாசித்தார்கள்.

அவர் திரும்பி வருவதற்குள் மா யாட்டா உலக்கையோடு வந்து என் பூட்டை ஒரே அடியில் உடைத்தார். பெருந்தலைவரின் பூட்டையும் எடுத்து ஆற்றில் எறிந்தார்.

"பூட்டு போட்டுக் காப்பாத்த உள்ள என்னய்யா இருக்கு?" என்று எங்கள் இருவரையும் பார்த்துக் கேட்டார்.

பெருந்தலைவரும் நானும் முதல்முறையாக ஒரே கருத்தோடு தரையைப் பார்த்தோம்.

அன்றிலிருந்து சந்தையில் என்னைக் கண்டால் எல்லோரும் தங்கள் கால்சட்டைப் பையைத் தடவிப் பார்க்கிறார்கள். ஜெனெபா என்னோடு பேசுவதில்லை. சோற்றை வேண்டாத விருந்தாளிக்கு வைப்பதுபோலத் தூரத்தில் வைத்துவிட்டுப் போகிறாள். ஒரு சாவியைக் காப்பாற்ற முடியாதவன் ஒரு மாவட்டத்தை எப்படிக் காப்பாற்றுவான் அத்தான்? நான் வாத்தியார். மலை எங்கே, ஆறு எங்கே என்று சொல்லத் தெரியும், அதற்குமேல் கேட்காதீர்கள். என்னை விட்டுவிடச் சொல்லுங்கள். மா யாட்டாவைத் தலைவராக்கினால் நான் மூக்குக்கண்ணாடியைக் கூடவே கொடுத்துவிடுகிறேன்.

பைண்டு அக்காவின் முழங்கால் வலிக்கு இங்கே தைலம் வாங்கி வைத்திருக்கிறேன், வண்டி வரும்போது அனுப்புகிறேன். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். உங்கள் வாசலில் நல்ல சேதி மட்டும் செருப்பைக் கழற்றட்டும். இந்தக் கடிதத்தைத் தவிர.

தங்கள் அன்பு மைத்துனன்,
வாண்டி சுவாரே
(கவுன்சில் தலைவர், நீங்கள் சீக்கிரம் செயல்பட்டால் முன்னாள்)

பின்குறிப்பு: உறையை ஒட்டிய பிறகு பிரித்து எழுதுகிறேன். ராஜினாமாவை உள்ளேயிருந்து எடுத்துவிட்டேன், தேடாதீர்கள். இன்று காலை ஆற்றின் மேல்புறத்து ஊரான யோலாஹுனிலிருந்து நான்கு பெரியவர்கள் இரண்டு கோழியோடு ஒன்பது மைல் நடந்து வந்தார்கள். பெருந்தலைவரிடம் போகவில்லை, நேராகக் கவுன்சிலைத் தேடி என் வீட்டுக்கு வந்தார்கள். எங்க ஊருக்கும் ஒரு கக்கூஸ் கட்டித் தரணும் தலைவரே என்றார்கள். எந்த இடத்தில் வேண்டும் என்று கேட்டேன். நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் மூத்தவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார்:

"எங்க வேணா கட்டுங்க. ஆத்துக்கு அந்தாண்ட இருந்தாப் போதும்."

நாளை அளக்கப் போகிறேன்.