முகத்துவாரம் லோரன்ஸுக்குப் பிறந்தநாள்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எனக்கு இருபத்துமூன்று வயதாக இருந்தபோது நான் அறுபத்திரண்டு வயது மீனவராகவும் இருந்தேன். புதன்கிழமைகளில், பகல் இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் மட்டும். மற்ற நேரமெல்லாம் பாமன்கடையில் ஒரு வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்த, ஏனென்று கேட்க ஆளில்லாத வவுனியாப் பெடியன்.

வேலை வானொலியில். (உடனே பெரிய கட்டடம், கண்ணாடிக் கதவு என்று கற்பனை பண்ண வேண்டாம்.) வெள்ளவத்தையில் ஒரு சேலைக் கடைக்கு மேலே, மூன்றாம் மாடியில் இரண்டு அறைகள். கொழும்புக்கு வெளியே கேட்காது. கொழும்புக்குள்ளும் மழை பெய்தால் கேட்காது. வெளிச் சத்தம் வராமலிருக்க, சுவர் முழுக்க முட்டை அடுக்கும் மட்டைகள் ஒட்டியிருக்கும். ரயில் போகும்போது ஜன்னல் நடுங்கும், அதற்குள் ஒரு பாட்டைப் போட்டுவிட வேண்டும். நிஸ்தார் நானா முகாமையாளர், விளம்பரம் பிடிப்பவர், காலையில் கதவு திறப்பவர். சுகந்தி அக்கா அறிவிப்பாளர். மிச்சம் எல்லாம் நான்.

சுகந்தி அக்கா பகலில் நேயர் விருப்பம் நடத்துவார். நேயர்கள் தொலைபேசியில் வந்து இரண்டு வார்த்தை கதைத்து, பாட்டுக் கேட்க வேண்டும். அவர்கள் வரமாட்டார்கள். தொலைபேசி ஊமையாகக் கிடந்தால் கீழே சேலைக் கடை முதலாளி விளம்பரத்தை நிறுத்திவிடுவார். ஆகவே நான் பக்கத்து அறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, என் கைப்பேசியிலிருந்து ஒரு நேயராக அழைப்பு எடுப்பேன். திங்கட்கிழமை கிருலப்பனை சுரேஷ். செவ்வாய்க்கிழமை புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியின் கிளார்க். இப்படி நாளுக்கொருவராக வெள்ளி வரை ஐந்து பேர். அது போதாதென்று, "அழைப்புகள் குவிவதால் ஒருவர் கிழமைக்கு ஒருமுறை மட்டுமே எடுக்கலாம்" என்று வேறு வெட்கமில்லாமல் அறிவித்தோம்.

உண்மையான நேயர்களும் மூன்று பேர் இருந்தார்கள். கொட்டாஞ்சேனை பிலோமினா ரீச்சர், வத்தளை ராணி, ஜிந்துப்பிட்டி மேரி. மூன்று பேரும் வயதான பெண்கள், மூன்று பேருக்கும் பழைய பாட்டுத்தான் வேண்டும். அந்த மூன்று அழைப்புகளையும் எடுத்து, "லைனில இருங்கோ அம்மா" என்று சொல்லி சுகந்தி அக்காவிடம் கொடுக்கும்போது எனக்கு அப்படி ஒரு மரியாதை வரும். பின்னே, எங்களை நம்பி எடுக்கிறார்களே!

புதன்கிழமை லோரன்ஸ் அங்கிளின் நாள். வாயில் கைக்குட்டையைப் பொத்தி, நாலு இருமல் இருமி, "வணக்கம் பிள்ளை" என்று தொடங்குவேன். மற்ற நேயர்களுக்கெல்லாம் பெயரும் இடமும் மட்டும் கொடுத்த நான், இவருக்கு என்னிடம் இல்லாத எல்லாவற்றையும் கொடுத்தேன். ஸ்டெல்லா என்றொரு மனைவி. டுபாயில் ஒரு மகள். ஞாயிறு காலை கடலுக்குப் போய், பிடித்த மீனில் மத்தியானம் குழம்பு, வீடு நிறையப் பேரப்பிள்ளைகள். நிகழ்ச்சி முடிந்ததும் நான் சோற்றுப் பார்சல் வாங்கிக்கொண்டு அறைக்குப் போய், கட்டிலில் பேப்பரை விரித்துச் சாப்பிடுவேன். சில கிழமைகளில் நான் ஒரு மனிதரோடு ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் கதைத்தது என்றால், அது லோரன்ஸ் அங்கிளாகக் கதைத்ததுதான்.

அப்படியிருக்க, எனக்குப் பிறந்தநாள் ஒரு புதன்கிழமையில் வந்து தொலைத்தது. காலையில் அம்மா வவுனியாவிலிருந்து எடுத்து, கோயிலுக்குப் போனியா என்று கேட்டார். அதற்குப் பிறகு ஒருவருக்கும் தெரியாது. நானும் சொல்லவில்லை. (நெற்றியைப் பார்த்தே யாராவது கண்டுபிடிப்பார்கள் என்று மத்தியானம் வரை காத்திருந்த மடையன் நான்.) இரண்டே காலுக்கு லோரன்ஸ் அங்கிள் லைனில் வந்தார். பாட்டுக் கேட்பதற்கு முன்னால் வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது.

"இண்டைக்கு எனக்குப் பிறந்தநாள், பிள்ளை."

"அட! வாழ்த்துகள் அங்கிள். அப்ப எங்களுக்கு விருந்து இல்லையோ?"

வீட்டில் ஒழுங்காக வளர்ந்த எந்தத் தமிழனும் இந்தக் கேள்விக்கு இல்லை என்று சொல்லமாட்டான்.

"ஏன் இல்லை? சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு, முகத்துவாரம் கடற்கரையில, அந்தோனியார் சொரூபத்தடியில. எல்லாரும் வாங்கோ!"

நான் கைப்பேசியை வைப்பதற்குள் நிஸ்தார் நானா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"எல்லாரும் வாங்கோவா? அம்பது பேர் வந்து நிண்டா என்ன செய்ற தம்பி?" முகம் வெளுத்திருந்தது. ஆனால் அம்பது பேர் என்று சொன்ன இடத்தில் கொஞ்சம் சந்தோஷமும் தெரிந்தது.

முடிவு இதுதான்: நான் போய் நிற்க வேண்டும். லோரன்ஸ் அங்கிளுக்கு நெஞ்சு வலி, சொந்தக்காரர் நீர்கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்று வருகிறவர்களிடம் சொல்லி, சமாதானமாக அனுப்பிவிட வேண்டும். "வெளிய தெரிஞ்சிச்சோ, சேலைக் கடையும் இல்ல, றேடியோவும் இல்ல," என்றார் நானா. எனக்கு வவுனியா பஸ்தான் என்பதை அவர் சொல்லவில்லை, தெரிந்ததே.

சனிக்கிழமை நாலு மணிக்கு, நிலையத்தின் பெயர் போட்ட பதாகையைப் பிடித்துக்கொண்டு அந்தோனியார் சிலையடியில் நின்றேன். ஒரு குஞ்சு குருமான்கூட வரவில்லை. பக்கத்தில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த மீனவர்களில் ஒருவர் எழுந்து வந்தார். கதவளவு மனிதர்.

"மல்லி, என்ன விசேஷம்?" (மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி.)

"லோரன்ஸ் அங்கிளின்ர பிறந்தநாள்."

"எந்த லோரன்ஸ்?"

அவர் திரும்பி ஒரு சத்தம் போட்டார். இரண்டு நிமிடத்தில் என் முன்னால் நான்கு லோரன்ஸ்கள் நின்றார்கள். (வவுனியாவில் எனக்கு ஒரு லோரன்ஸைக்கூடத் தெரியாது. அபூர்வமான பெயர் என்று நம்பித்தான் வைத்தேன்.) கதவளவு மனிதரும் லோரன்ஸ். அவருடைய மனைவியின் பெயர், என் கெட்ட காலத்துக்கு, ஸ்டெல்லா.

"ஓ, அந்த றேடியோக்காரனா நீ? சந்தி ஐஸ் கடையில எந்த நேரமும் உங்கட றேடியோதான். காணுற சனமெல்லாம் டுபாய் மகள் எப்பிடி எண்டு என்னைக் கேக்குது. எனக்கு ரெண்டும் ஆம்பிளப் பிள்ளை!" சட்டைக் கொலரில் கை வந்துவிட்டது. "ஞாயித்துக்கிழமை கடலுக்குப் போறன் எண்டு சொன்னவன் ஆரு? பாதர் கூப்பிட்டு விசாரிச்சார் என்னை!"

அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் வள்ளம் இறங்காது. எல்லாரும் பூசைக்குப் போவார்கள். குளத்து மீன் மட்டும் கண்ட எனக்கு இது எங்கே தெரியும்? நான் ஒரு மனிதரை ஐந்து மாதமாகக் கிழமைக்குக் கிழமை பாவியாக்கியிருந்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். பயத்தில் வந்தது நாலு இருமலும், "ஐயோ பிள்ளை" என்ற கரகரத்த குரலும்.

றேடியோவில் கேட்ட அதே குரல் என்று, வலை பொத்தியவர்களும் எழுந்து வந்தார்கள். பிறகு யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு எல்லாரும். என்னை ஒரு வள்ளத்தின் விளிம்பில் ஏற்றி இருத்தி, "கதை, கதை, இன்னும் கதை" என்றார்கள். முப்பது பேருக்கு முன்னால், கொலரை உண்மையான லோரன்ஸ் பிடித்திருக்க, நான் பொய் லோரன்ஸாக ஒரு முழு நிகழ்ச்சி செய்தேன். ஸ்டெல்லாவைப் பற்றியும் சொல்ல வைத்தார்கள். ஸ்டெல்லா அக்காவும் கூட்டத்தில் நின்றார்.

அந்த நேரத்தில்தான் ஒரு முச்சக்கர வண்டி வந்து நின்றது. குடையும் கேக் பெட்டியுமாக ஒரு வயதான அம்மா இறங்கினார். அவர் வாயைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது, பிலோமினா ரீச்சர்.

"லோரன்ஸ் வரேல்லையோ?"

நான் வள்ளத்திலிருந்து குதித்து, சொந்தக் குரலில் மனப்பாடம் பண்ணியதை ஒப்பித்தேன். நெஞ்சு வலி, நீர்கொழும்பு, சொந்தக்காரர். முப்பது பேரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

ரீச்சர் கடைசி வரை கேட்டார். "தம்பி, முப்பது வருசம் இடாப்புக் கூப்பிட்டனான். ஒரு பெடியன் ரெண்டு பேருக்குப் பிரசன்ட் சொன்னா எனக்குத் தெரியாதோ? கிருலப்பனை சுரேஷும் நீர்தான், அந்தக் கிளார்க்கும் நீர்தான்."

"அப்ப ஏன் ரீச்சர் கேக்கோட வந்தனீங்கள்?"

"மீன் பொய், மகள் பொய், எல்லாம் தெரியும். ஆனா பிறந்தநாள் எண்டு சொல்லேக்க மட்டும் நீர் இருமேல்லை."

முப்பது பேருக்கு முன்னால், பதாகையைப் பிடித்தபடியே, நான் அழுதேன். மூக்கு ஒழுக, அசிங்கமாக. லோரன்ஸ் என் கொலரை விட்டார். விட்டதோடு நிற்காமல் கசங்கிய இடத்தைக் கையால் தடவியும் விட்டார். மீன் வெட்டுகிற கத்தியைக் கழுவிக் கொண்டுவந்து ஸ்டெல்லா அக்காதான் கேக்கை வெட்டினார். எல்லாருக்கும் விரல் பருமனுக்கு ஒரு துண்டு வந்தது. கொஞ்சம் மீன் மணத்தது.

சாப்பிட்டபடியே கேட்டேன். "மற்றவை ஒருத்தரும் வரேல்லையே ரீச்சர். வத்தளை ராணி வருவா, ஜிந்துப்பிட்டி மேரி வருவா எண்டு நினைச்சனான்."

ரீச்சர் கேக் பெட்டியின் மூடியைச் சாத்தினார். மறுபடி திறந்தார்.

"கிழமைக்கு ஒருக்காத்தான் எடுக்கலாமெண்டு சட்டம் போட்டது நீங்கள்தானே. எனக்கு ஒரு நாள் காணாது தம்பி. பிள்ளையள் கனடாவில. வீட்டில நான் ஆரோட கதைக்கிறது?"

எட்டு மாதமாக அந்த மூன்று அழைப்புகளையும் எடுத்தவன் நான். ஒரு நாளாவது சந்தேகப்பட்டேனா? பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு நான் ஐந்து பேராக இருந்தேன், கொட்டாஞ்சேனையில் கதவைச் சாத்திக்கொண்டு அவர் மூன்று பேராக இருந்தார். எங்கள் நிலையத்தில் குவிந்த அழைப்புகள் மொத்தமும் இரண்டு தனி ஆட்கள்தான்.

திங்கட்கிழமை நிஸ்தார் நானாவிடம் சொன்னேன். உண்மையான நேயர் ஒருவர்தானா என்று மூன்று முறை கேட்டார். முகத்துவாரம் ஐஸ் கடையில் எந்த நேரமும் எங்கள் றேடியோதான் என்று சொன்ன பிறகுதான் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. கிழமைக்கு ஒருமுறை என்ற சட்டத்தை அன்றைக்கே தூக்கினார். ரீச்சர் சொந்தப் பெயரில் தினமும் எடுத்தார். அடுத்த வருடம் நிலையம் மூடும் நாள்வரை எடுத்தார்.

நான் இப்போது ஒரு காப்புறுதி அலுவலகத்தில் இருக்கிறேன். கலியாணம் ஆகிவிட்டது. மனைவி பதுளைக்காரி. எனக்குத் தடிமன் பிடித்து இருமினால் போதும், "இன்னைக்குப் புதன்கிழமையா?" என்று கேட்பாள். முதலில் அவளுடைய அண்ணன்கள் கேட்டார்கள், இப்போது மாமியாரும் கேட்கிறார்.

ஒவ்வொரு பிறந்தநாளிலும் எனக்கு மூன்று அழைப்புகள் வரும். முதலில் வத்தளை ராணி, பிறகு ஜிந்துப்பிட்டி மேரி, கடைசியில் ரீச்சர். மூன்று குரல், மூன்று வாழ்த்து. நானும் மூன்று முறை புதிதாக ஆச்சரியப்பட வேண்டும், அதுதான் ஒழுங்கு. போன மாரிகாலத்தில் ரீச்சர் காலமானார். கொட்டாஞ்சேனையில் செத்த வீட்டுக்கு முகத்துவாரத்திலிருந்து லோரன்ஸும் ஸ்டெல்லா அக்காவும் வந்திருந்தார்கள்.

இந்த வருடம் அழைப்பு வராது என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் காலையிலிருந்து கைப்பேசியைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்து உட்கார்ந்தபோது மணியடித்தது. மனைவியின் எண். அவள் குசினியில்தான் நிற்கிறாள், கரண்டிச் சத்தம் எனக்குக் கேட்கிறது.

"ஹலோ, வணக்கம். நான் வத்தளையில இருந்து ராணி பேசுறேன்."

மகா மோசமான நடிப்பு. ராணி ஒரு நாளும் "பேசுறேன்" என்று சொன்னதில்லை, "கதைக்கிறன்" என்றுதான். என்ன பாட்டு வேண்டும் என்று கேட்கத்தான் நினைத்தேன். "லைனில இருங்கோ அம்மா" என்று மட்டும் சொன்னேன்.