நாலு சட்டைக்கு நடுவே ஒன்று

புதுக்கோட்டை
20-1-1958

என் அத்தை மகனும், மீமிசல் ஆரம்பப் பாடசாலையின் உதவி ஆசிரியரும், வருகிற மாசி மாதம் மணவறை ஏறப்போகும் புது மாப்பிள்ளையுமான நாகராசுவுக்கு சோலையப்பன் அனேக ஆசிகளுடன் எழுதியது. இவ்விடம் இடது முழங்கை நீங்கலாக நான் பூரண சுகம். அவ்விடம் நீயும் அத்தையும் மாமாவும் எந்த அவயவமும் நீங்கலாகாமல் முழுசாகச் சுகமாயிருக்க நம் ஐயனாரை வேண்டிக்கொள்கிறேன்.

உன் கடிதம் பொங்கலுக்கு முன்பே வந்துவிட்டது. கட்டிக்கொள்ளப் போகிற அழகி என்கிற பெண்ணுக்கு யாருக்கும் தெரியாமல் என்ன வாங்கிக் கொடுக்கலாம், மறுவீட்டுக்குப் போட்டுக்கொண்டு போக எந்த மாதிரிச் சட்டை எடுக்கலாம், அனுபவஸ்தன் என்ற முறையில் எழுதுக என்று கேட்டிருந்தாய். மாப்பிள்ளை! நீ கேட்ட நேரம் என்ன நேரமோ, இந்த இரண்டு விஷயத்திலும் ஐந்தே நாளில் நான் பெற்றிருக்கிற அனுபவத்தை இந்தச் சீமையில் வேறு எவனும் பெற்றிருக்க மாட்டான். எழுதுவதற்குக் கை பறக்கிறது, வலது கைதான், நல்லவேளை.

முதலில் என் நிலைமையைச் சொல்கிறேன். ஆவணியில் எனக்கும் செவந்திக்கும் கல்யாணம் ஆனது நீ பந்தி பரிமாறிய விஷயம். எனக்குத் தாலுகா ஆபீஸ் வேலை, ஒண்டிக்கட்டை அறை, வீடு பார்த்து அழைத்துக்கொள்ளும் வரை அவள் ஆலங்குடிக்குத் தெற்கே தன் அப்பா வீட்டில். மாதம் ஒரு தடவை பஸ் ஏறிப் போவேன். ஐந்து மாதத்தில் அவள் என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை, மாப்பிள்ளை. நான் தட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கும்போதே, "அப்பா, அவுங்கள இன்னுங்கொஞ்சம் சோறு போட்டுக்கச் சொல்லுங்க" என்பாள். நானும் பதிலுக்கு, "மாமா, போதும்னு சொல்லுங்க" என்பேன். மாமனார் அய்யாக்கண்ணு இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பித் தந்தி ஆபீஸ் நடத்துவார். இப்படியே போனால் பேரன் பேத்தி எடுக்கிறவரை இந்த மனுஷனை நடுவிலேயே உட்காரவைக்க வேண்டியதுதான் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. தலைப் பொங்கலுக்கு ஏதாவது வாங்கிக்கொண்டுபோய் அவள் வாயைத் திறக்க வைத்துவிட வேண்டும் என்று தீர்மானம் செய்தேன். சேலை என்றால் மாமனார் கையால்தான் போகும், பூ என்றால் வாடிவிடும். பட்டணத்துப் பெண்கள் ரவிக்கைக்கு உள்ளே போட்டுக்கொள்கிறார்களே, பாடி, அதுதான் புருஷன் மட்டுமே வாங்கிக் கொடுக்கக்கூடிய பொருள் என்று எங்கள் ஆபீஸில் ஒருவர் ரகசியமாகச் சொன்னார். சரி என்று கிளம்பினேன்.

கீழ ராஜ வீதியில் ஒரு ஜவுளிக்கடை. வாசலை மூன்று தடவை தாண்டிப் போய்விட்டு நாலாவது தடவை உள்ளே நுழைந்தேன். இன்னாசி என்று ஒரு கடைச் சிப்பந்தி, தங்கமான மனிதர், "என்ன சார் வேணும்?" என்றார். வாயைத் திறக்கிறேன், பின்னால் ஒரு அம்மாள் வந்து நிற்கிறாள். "சட்டை" என்றேன். வெள்ளை பாப்ளினில் தைத்து வைத்த அரைக்கைச் சட்டை ஒன்று எடுத்துப் போட்டார். அந்த அம்மாள் போனதும் மறுபடி வாயைத் திறந்தேன், கடை முதலாளி வந்து கல்லாவில் உட்கார்ந்தார். "இன்னொரு சட்டை" என்றேன். இப்படி ஒவ்வொரு தடவை தைரியம் கைவிட்டபோதும் ஒரு சட்டை சேர்ந்து, நாலு சட்டை ஆன பிறகு இன்னாசிக்கே பரிதாபம் வந்து, "சார் வீட்டம்மாவுக்கு ஏதோ கேக்க வந்தாப்ல இருக்கு" என்று கிசுகிசுத்தார். தலையை ஆட்டினேன். அவர் பார்த்த பார்வையிலேயே புரிந்துகொண்டு அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்தார். "அளவு?" என்றார். எனக்கு என்ன தெரியும்? "சுமாரா ஒரு முழம் இருக்கட்டும்" என்றேன். "சார், இது வேட்டி இல்லீங்க. அவுங்க ரவிக்கை ஒண்ணக் கொண்டாந்தா பாத்துச் சொல்லிருவேன்" என்றார். ஐந்து மாதமாக முகத்தையே சரியாகப் பார்க்காதவன் ரவிக்கைக்கு எங்கே போவேன்! சட்டைக்கு என்ன நியாயமோ அதுதான் இதற்கும், பெரிதாக இருந்தால் துவைக்கத் துவைக்கச் சரியாகிவிடும் என்று, பெட்டியில் இருந்ததிலேயே பெரிய அளவைக் காட்டினேன். முன்பக்கம் இரண்டும் கூம்பாக, கஞ்சி போட்டதுபோல் விறைப்பாகத் தைத்திருந்தது. யார் கண்ணிலும் படாமல் இருக்கட்டும் என்று இன்னாசி அதை மூன்றாவது சட்டைக்குள் மடித்து ஒரே பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தார். இந்த இடத்தில்தான் விதி உள்ளே புகுந்தது.

பொங்கலன்று காலையில் மாமனார் பொங்கல் பானைக்கு முன்னால் தாம்பாளத்தை வைத்துக்கொண்டு, "வீட்ல உள்ள புதுத்துணி பூராத்தையும் கொண்டாங்க, மஞ்சள் வைக்கணும்" என்றார். அவர் கையால் மஞ்சள் வைத்துக் கொடுக்காத புதுத்துணியை அந்த வீட்டில் யாரும் உடுத்தக்கூடாது, அது அவர்கள் வழக்கம். நாலு சட்டை எடுத்த பெருமையில் நான் பொட்டலத்தை அப்படியே எடுத்து நீட்டிவிட்டேன். நீட்டிய கையை இழுப்பதற்குள் அவர் நூலைப் பிரித்துவிட்டார். முதல் சட்டை, மஞ்சள். இரண்டாவது சட்டை, மஞ்சள். மூன்றாவது சட்டையை உதறினார். உள்ளே இருந்த பாடி பானையின் முன்னால் விழுந்து இரண்டு கூம்பும் ஆகாசத்தைப் பார்த்தபடி நின்றது. பங்காளிகள், சம்பந்திகள், பிள்ளை குட்டிகள் என்று முப்பது பேர் குனிந்து பார்த்தார்கள். "இது என்னங்க மாப்பிள்ளை?" என்றார். நான் பொங்கல் பானையைப் பார்த்தேன். அவர் அதைக் கையில் தூக்கிக்கொண்டு, விசாரிக்கிறேன் என்று உள்ளே போனார். நான் பஸ் ஸ்டாண்டு எத்தனை மைல் என்று கணக்குப் போட்டேன். ஐந்து நிமிஷத்தில் முகமெல்லாம் சிரிப்பாக வெளியே வந்தார். "அட, நம்ம மயிலக் காளைக்குக் கொம்பு உறை வாங்கியாந்திருக்கீங்க! இதச் சொல்றதுக்கு என்ன கூச்சம்? மருமகன்னா இப்பிடி இருக்கணும்யா!" என்று சொல்லி இரண்டு கூம்பிலும் மஞ்சள் வைத்தார். மனுஷனுக்கு என்ன மூளை பார்! என் மானத்தைக் காப்பாற்றிய தெய்வம் என்று நினைத்து நான் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டேன்.

மறுநாள் மாட்டுப் பொங்கல். அன்று மத்தியானம் மஞ்சுவிரட்டு. உனக்குத் தெரியாததில்லை, காளையின் கொம்பில் என்ன துணி கட்டியிருக்கிறதோ அது பிடித்தவனுக்குச் சொந்தம். மாமனாரின் மயிலைக் காளையை ஆறு வருஷமாக ஒருவனும் பிடித்ததில்லை, அந்தப் பக்கம் அதற்கு அத்தனை பேரும் புகழும். அதைக் குளிப்பாட்டி, கொம்பில் உறையை மாட்டினார். என்னத்தைச் சொல்வேன், கொம்புக்கு ஒன்றாக அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்தது! பட்டியைக் காது வழியாகக் கொண்டுபோய்க் கொக்கியை மாட்டி, மாலை போட்டு, காளைகளை அவிழ்த்துவிடுகிற தொழுவுக்கு ஓட்டிக்கொண்டு போனார். நான் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது.

"அந்தா அங்கிட்டு நிக்கிற ஆளு பெனாங்குல இருந்து வந்தவுக. அது என்னன்னு அவுகளுக்குத் தெரிஞ்சாலும் தெரியும். அத வேற ஒருத்தன் கையில போகவிட்டீங்கன்னா நான் இந்த ஊர்ல தல காட்ட மாட்டேன்."

திரும்பினால் செவந்தி! அப்பா நடுவில் இல்லாமல், என்னைப் பார்த்து, ஐந்து மாதத்தில் முதல் தடவையாகப் பேசுகிறாள்! எனக்குக் காளையும் தெரியவில்லை, கொம்பும் தெரியவில்லை. "ஆகட்டும்" என்று வேலியைத் தாண்டிவிட்டேன். தாண்டிய பிறகுதான், நான் ஆபீஸில் அலமாரிக்குப் பின்னால் ஓடும் பல்லிக்கே நாற்காலியில் ஏறுகிறவன் என்பது ஞாபகம் வந்தது.

மயிலையை அவிழ்த்து விட்டார்கள். ஊரே இரண்டாகப் பிளந்து ஒதுங்கியது. நானும் ஒதுங்கியிருப்பேன், கால் வரவில்லை. இப்போது சட்டை விஷயத்துக்கு வருகிறேன், கவனமாகப் படி. அன்று நான் போட்டிருந்தது மூன்றாவது சட்டை. கழுத்தளவு எனக்கு வேண்டியதைவிட மூன்று அங்குலம் கூட, உடம்புக்குள் இன்னொரு குமாஸ்தாவைக் குடிவைக்கலாம். காளை குத்திய குத்து விலாவுக்கு வராமல் சட்டைக்குள் புகுந்து கையோரம் வெளியே வந்தது. கொம்பு சட்டைக்குள்ளே, சட்டைக்குள்ளே நான்! விழாமல் இருப்பதற்காகத் திமிலைக் கட்டிப்பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டேன். அது துள்ளியது, நான் அலறினேன், ஜனங்கள் அதை வீர முழக்கம் என்று எண்ணினார்கள். மூன்று துள்ளலில் சட்டை கிழிந்து நான் கீழே விழுந்தபோது, சட்டையின் வலது கையும் கொம்பு உறையும் என் பிடியில் இருந்தன. "அணைஞ்சிட்டான்! அய்யாக்கண்ணு மருமகன் அணைஞ்சிட்டான்!" என்று, நான் காளையைப் பிடித்து அடக்கிவிட்டதாகத் தமுக்கு அடித்தார்கள். ஊர் அம்பலகாரர் என்னைத் தூக்கி நிறுத்தி, அந்த வஸ்துவை என் கையிலிருந்து வாங்கி, தூசி தட்டி, ஆயிரம் பேர் பார்க்க என் தோளில் பொன்னாடையாகப் போர்த்தினார். பெனாங்குக்காரர் ஒருவர் மட்டும் கைதட்டாமல் என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமனார் அதிலிருந்து என்னோடு பேசுவதில்லை. ஆறு வருஷத்துப் பேரை மருமகனே கெடுத்துவிட்டானாம். போகட்டும். அன்று சாயங்காலம் செவந்தி முழங்கைக்கு எண்ணெய் போட்டாள். போட்டுக்கொண்டே அந்தப் பாடியைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள், பிறகு சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. "இது எனக்காங்க வாங்குனீங்க?" என்றாள். ஆமாம் என்றேன். "என்னைய ஒரு நாளாச்சும் நிமிந்து பாத்திருக்கீங்களா?" என்றாள். அப்போதுதான் பார்த்தேன், மாப்பிள்ளை. இடது கன்னத்தில் சின்னதாக ஒரு மச்சம் இருக்கிறது. எனக்கு முழங்கை வலிக்கவே இல்லை.

ஆகவே உனக்கு என் யோசனை: துணிந்து கடைக்குப் போ. யாரையும் எதையும் கேட்காதே, கேட்டால் ரகசியம் போய்விடும். கண் அளவில் வாங்கு. சட்டையை மட்டும் வெள்ளை பாப்ளினாக, அரைக்கையாக, ஆகப் பெரிய அளவாகப் பார்த்து எடு, அது உயிரைக் காக்கும். இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்ட விடாதே. மீதமுள்ள மூன்று சட்டையில் ஒன்றை உனக்கே அனுப்பத் தயார். மாசியில் குடும்ப சமேதராக வந்து உங்களை வாழ்த்துவோம், நீங்கள் இருவரும் சகல பாக்கியமும் பெற்று, நடுவில் தந்தி ஆபீஸ் இல்லாமல் நெடுங்காலம் வாழ்க.

இப்படிக்கு,
காளையை அணைந்த உன் மச்சான்,
சோலையப்பன்

பி.கு.: நேற்றுத்தான் இங்கே வீடு பிடித்துச் செவந்தியை அழைத்து வந்தேன். கடிதத்தைப் பசை போட்டு ஒட்டுவதற்குள் அவள் வாங்கிப் படித்துவிட்டாள். கொம்பு உறை என்று கண்டுபிடித்தது மாமனாரின் மூளை இல்லையாம். உள்ளே வந்து கேட்டவரிடம் சொன்னவள் இவள்தானாம். வீட்டோடு மாட்டிப் பார்த்துவிட்டுக் கழற்றிவிடுவார் என்று நினைத்தாளாம், தொழுவரைக்கும் போகும் என்று எண்ணவில்லையாம். ஆக, என்னைக் காளையின் முன்னால் தள்ளியது விதி இல்லை, என் பெண்டாட்டி. மேலே எழுதிய புத்திமதி அத்தனையையும் அடித்துவிடச் சொல்கிறாள். அடிக்க இடமில்லாததால் நீயே அடித்துக்கொள். அவள் உனக்குச் சொல்லச் சொன்னது இது மட்டும்தான், சொன்னபடியே எழுதுகிறேன்: "கடைக்கு அப்பறம் போகலாம். மொதல்ல அந்தப் புள்ளகிட்ட வாயத் தொறந்து பேசச் சொல்லுங்க. அளவ அவளே சொல்லுவா."