பன்னு டிரைவருக்கு வந்த அரிப்பு

கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போகிற வண்டிகளிலேயே பயணிகளைச் சாமி கும்பிட வைத்ததில் முதலிடம் பன்னு ஓட்டிய மினி பஸ்ஸுக்குத்தான். வெள்ளிமலையில் வாத்தியார் வேலை பார்க்கும் நான் தினமும் அதில் போய்வந்தும் உயிரோடு இருக்கிறேன் என்றால், அதில் பன்னுவின் பங்கு துளியும் இல்லை.

அவருடைய நிஜப் பெயர் வண்டி முதலாளிக்கு மட்டும் தெரியும். சோறு தின்றால் தூக்கம் வரும், மலையில் வண்டி ஓட்டுகிறவன் சோற்றைத் தொடக்கூடாது என்பது அவர் கண்டுபிடித்த தத்துவம். காலையில் டீயில் நனைத்த பன்னு, மத்தியானம் ரஸ்க், ராத்திரி பரோட்டா. யார் மடியிலாவது சாப்பாட்டுத் தூக்கைக் கண்டால் போதும், கண்ணாடி வழியாக உபதேசம் வரும்.

"இன்னாத்துக்கு இந்தச் சோத்தக் கட்டிக்கினு அலையறீங்க? அதனாலதான் நாடே தூங்குது."

நாட்டைப் பற்றிக் கவலைப்பட்ட மனிதர் சாலையைப் பற்றியும் கொஞ்சம் கவலைப்பட்டிருக்கலாம்.

இப்படிப்பட்டவருக்கு முழங்கை, முழங்கால், உட்காரும் இடம் என்று பார்த்துப் பார்த்துக் கொப்புளம் வந்தது. அரிப்பு என்றால் அப்படி ஓர் அரிப்பு. அதுவும் கொண்டை ஊசி வளைவில்தான் எடுக்கும். ஸ்டியரிங்கை விட்டுவிட்டு வலது கையால் இடது முழங்கையைச் சொறிவார். அது முடிந்ததும் இடது கைக்கும் ஒரு வாய்ப்புக் கொடுப்பார்.

"யோவ் பன்னு, கையை ஸ்டியரிங்ல வைய்யா!" என்று நான் அலறுவேன்.

"வண்டிக்கு வழி தெரியும் சார். நீங்க கம்முனு குந்துங்க."

ஊரே கூடி அது அக்கிதான் என்று முடிவுகட்டியது. சங்கராபுரம் பக்கத்தில் ஒரு குயவரைத் தேடிப்போய், கொப்புளத்தின் மேல் செங்காவியால் சிங்கம் வரைந்து அக்கி எழுதிக்கொண்டு வந்தார் பன்னு. கையில் சிங்கம், காலில் சிங்கம். பின்பக்கத்துச் சிங்கம் அழிந்துவிடுமே என்று அன்றைக்கு மலை முழுக்கப் பாதி எழுந்து நின்றபடி வண்டி ஓட்டினார். அவர் பிரேக்கைத் தேடிய ஒவ்வொரு முறையும் எங்களுக்கு உயிர் போய் வந்தது.

அக்கிக்குப் பத்தியம் சொன்னார்கள். கத்தரிக்காய் ஆகாது, கருவாடு ஆகாது, கோதுமைக் கஞ்சி உத்தமம். அக்கி அடங்கவில்லை. ஒரு கிளினிக்கில் சிரங்கு என்று மருந்து கொடுத்து, வீட்டில் எல்லோரையும் பூசிக்கொள்ளச் சொன்னார்கள். அரிப்பே இல்லாத அவர் மனைவிக்கு எரிச்சல் வந்ததுதான் மிச்சம். அடுத்து ஒரு நாட்டு வைத்தியர், உடம்புச் சூடு என்று கோழியை நிறுத்திவிட்டுக் கோதுமை ரவைக்கு மாற்றினார். நலம் விசாரிக்க வந்த சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு பாக்கெட் பன்னும் ரொட்டியும் கொண்டுவந்து கொடுத்தார்கள். நம்மூரில் சீக்காளியைப் பார்க்கப் போகிறவர்கள் வேறு எதை வாங்குவார்கள்? அத்தனையையும் தின்றுவிட்டு இன்னும் வேகமாகச் சொறிந்தார்.

ஒருநாள் அவர் சொறிந்துகொண்டிருக்கும்போது முன்சக்கரம் சாலையை விட்டு இறங்கிவிட்டது. ஒரு பாறை தயவில் பிழைத்தோம். முதலாளி சாவியைப் பிடுங்கிக்கொண்டார்.

"ஒடம்ப சரி பண்ணிக்கினு வா. இல்லன்னா வேற ஆளப் போட்டுடுவேன்."

பன்னுவுக்கு ஓட்டுவதைத் தவிர எந்த வேலையும் தெரியாது. ஓட்டவும் தெரியாது என்பது என் கட்சி. ஆனால் வண்டி போனால் வீட்டில் அடுப்பு எரியாது. அதனால் நானே அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பாசமெல்லாம் இல்லை. மாற்று டிரைவர் இவரைவிட மோசம்.

தோல் டாக்டர் ஒரு சின்னப் பெண். கொப்புளத்தை விட்டுவிட்டு அதன் பக்கத்தில் நன்றாக இருந்த தோலில் கொஞ்சம் கிள்ளி எடுத்தாள். பன்னு என் காதருகில் குமுறினார். "நோவு இங்க இருக்குது, அது அங்க வெட்டுது சார். படிச்ச பொண்ணுதானா இது?"

தோலையும் ரத்தத்தையும் சோதித்த முடிவுகள் வந்தன. "கோதுமையில இருக்கிற ஒரு புரதம் உங்க உடம்புக்கு ஆகலை. அதுதான் தோல்ல இப்படி வருது. கோதுமை, மைதா, ரவை எதுவும் வேண்டாம். மாத்திரை தர்றேன். சோறு சாப்பிடுங்க," என்றாள் டாக்டர்.

"சோறா?" பன்னு எழுந்தே விட்டார். "காய்ச்சக்காரனுக்கே பன்னு குடுக்கறாங்க. இந்தம்மா பன்னுதான் நோவுன்னுது!"

ஆனாலும் சாவி ஞாபகம் வந்தது. விஷம் குடிக்கிற முகத்தோடு சோறு தின்ன ஆரம்பித்தார். கொப்புளம் குறைந்தது. ஆனால் முழுசாகப் போகவில்லை. உடனே வெற்றி முழக்கம்: "பாத்தீங்களா சார், அல்லாம் பொய்!" மறுபடி பன்னுக்குக் கை நீட்டியவரை, நான் காது கூசும்படி திட்டி டாக்டரிடம் இழுத்துப்போனேன். வீட்டில் சமையலுக்குப் போடும் சாமான்களை டாக்டர் கொண்டுவரச் சொன்னதும் அவர் மனைவி அடுப்படியையே பையில் அள்ளிவந்தார். டாக்டர் ஒவ்வொன்றாகப் பார்த்து, பெருங்காய டப்பாவைத் திருப்பி எங்கள் முன் வைத்தாள். அதில் பொடி எழுத்தில் மைதா என்று அச்சடித்திருந்தது.

"பெருங்காயத்துலயுமா?" பன்னுவின் குரல் முதல்முறையாக இறங்கியது. "அப்ப யார நம்பி சார் ரசம் குடிக்கறது?"

பெருங்காயம் போனது. கொஞ்ச காலத்தில் கொப்புளமும் போனது. சாவி திரும்பி வந்தது. இப்போது இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, பன்னு தின்கிற பயணிகளைக் கண்ணாடி வழியாகத் திட்டுகிறார். திருந்தாத ஜென்மம். இறங்கும்போதெல்லாம் நானும் அவரைத் திட்டிவிட்டுத்தான் இறங்குகிறேன்.

எப்போதாவது ஞாயிற்றுக்கிழமையில் அவர் எங்கள் வீட்டுப் பக்கம் வருவார். சொல்லிவிட்டு வருகிற பழக்கம் அவருக்கு இல்லை. அதனால் எங்கள் வீட்டில் இப்போது தினமுமே பெருங்காயம் போடாத ரசம்தான்.